மாவுக்கட்டுப் பூனை

பெரிய சிஸ்டரின் கையில் கொஞ்சம் பஞ்சும் ஸ்பிரிட்டும் கிடைத்துவிட்டால் எதிரே இருக்கிற எந்தப் பொருளும் தப்பாது. இதைச் சொல்லிச் சொல்லி அவளுடைய தங்கைக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். வீட்டில் உப்பு டப்பாவின் மூடியைக்கூட ஸ்பிரிட் போட்டுத்தான் துடைப்பாள். "அக்கா, விட்டா என்னையும் கொதிக்கற தண்ணியில போட்டு எடுத்து, துணி சுத்தி அலமாரியில அடுக்கிடுவே" என்பாள் தங்கை. பெரிய சிஸ்டர் சிரிக்க மாட்டாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று யோசிப்பாள்.

அவளைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. சின்ன வயதில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தவள் தலை நரைத்து, தலைமை நர்ஸாகத்தான் வெளியே வந்தாள். நோயாளியின் படுக்கைக்கு அழுக்கான எதுவும் போகக் கூடாது என்பது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். வார்டில் பழகிய பழக்கமும் அவ்வளவு தூரம் வரும் போலிருக்கிறது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தை மருத்துவ அருங்காட்சியகமாக மாற்றப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. பொருள்களை அடுக்கவும், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லவும் அந்தக் காலத்து ஆள் ஒருவர் வேண்டுமாம். கூப்பிட்ட மறுநாளே போய் நின்றாள்.

அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக வந்திருந்த மேடம் சின்னப் பெண். பழம்பொருள்களைப் பாதுகாப்பது எப்படி என்று தனியாகப் படித்துவிட்டு வந்தவள். முதல் நாளே பெரிய சிஸ்டரை உட்காரவைத்துச் சொன்னாள்: "சிஸ்டர், இங்க ஒரே ஒரு விதிதான். எதையும் துடைக்கக் கூடாது. தூசி இருந்தா இந்த பிரஷ்ஷால லேசா தட்டலாம். அதுக்கு மேல எதுன்னாலும் என்னைக் கேளுங்க. நாம அழுக்குன்னு நினைக்கறது இங்க சரித்திரமா இருக்கும்."

பெரிய சிஸ்டர் தலையாட்டினாள். எத்தனையோ டாக்டர்களுக்குத் தலையாட்டிப் பழகிய தலை அது. சொல்லும்போது தலையாட்டுவது, அவர்கள் போன பிறகு சரியானதைச் செய்வது என்றுதான் அவள் அத்தனை வார்டுகளையும் நடத்தியிருக்கிறாள். டாக்டர்களும் பிழைத்தார்கள், நோயாளிகளும் பிழைத்தார்கள்.

ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. கண்ணாடி ஊசிக்குழல்கள், ஊசிகளைக் கொதிக்க வைக்கிற பாத்திரம், பிறந்த குழந்தையை எடை போடுகிற தராசு, காலால் மிதித்து ஓட்டுகிற சளி உறிஞ்சி என்று ஒவ்வொன்றும் எந்த அறையில் எந்தப் பக்கம் இருந்தது என்று அவளுக்குத்தான் தெரிந்தது. குழந்தைகள் வார்டை அவளே அப்படியே திரும்ப உருவாக்கினாள். ஓர் இரும்புக் கட்டில், வெள்ளை விரிப்பு, மூலை மடிப்பு சுருக்கமில்லாமல். அந்தக் கட்டிலின் நடுவில் வைப்பதற்காக வந்ததுதான் அந்த மாவுக்கட்டு.

அதைக் கொடுத்தவர் ஒரு தையல்காரர், வயதானவர். பெரிய சிஸ்டர் விடுப்பில் இருந்த நாளில் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்து மேடத்திடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய மகள் குழந்தையாக இருந்தபோது படியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு இதே வார்டில் கிடந்திருக்கிறாள். எலும்பு கூடிக் கட்டைப் பிரித்தபோது, எனக்கு வேண்டும் என்று அடம்பிடித்து அதை வீட்டுக்கு எடுத்துப் போனாளாம். அதே வருஷம் ஏதோ காய்ச்சல் வந்து திரும்ப இங்கே சேர்த்தார்கள். இரண்டாம் முறை அவள் வீடு திரும்பவில்லை. மேடம் இதைச் சொன்னபோது பெரிய சிஸ்டர் கேட்டுக்கொண்டாள். அந்த மாவுக்கட்டின் மேல் என்ன இருந்தது என்று மேடம் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை. மேடம் வாசலில் மின்சாரக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். குழந்தைகள் வார்டில் பெரிய சிஸ்டர் தனியாகக் கட்டிலுக்குக் கடைசி மடிப்பை மடித்துவிட்டுப் பையிலிருந்து மாவுக்கட்டை எடுத்தாள். சின்னக் கால். நெடுக வெட்டிப் பிரித்த இரண்டு பாதிகள். மஞ்சள் பாரித்து, குதிகாலில் கறுத்து, எங்கேயோ பரணில் எலியோடு குடித்தனம் நடத்திய வாசனையோடு இருந்தது. இதையா இந்த வெள்ளை விரிப்பின் மேல் வைப்பது?

பிறகு நடந்ததை அவள் கைதான் செய்தது என்று சொன்னால் நம்பத்தான் வேண்டும். கைப்பையில் எப்போதும் இருக்கிற ஸ்பிரிட் புட்டி வெளியே வந்தது. பஞ்சு நனைந்தது. குதிகாலில் ஆரம்பித்து மேலே போனாள். மனம் மறுநாள் எந்தப் புடவை கட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. பஞ்சில் நீலமாக ஏதோ வந்தது. கறை வந்தால் வருகிறவரைக்கும் துடை என்பது வார்டுச் சட்டம். துடைத்தாள். நீலம் நின்ற பிறகு, சாம்பல் நிறத்தில் லேசாக இன்னும் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அது ஸ்பிரிட்டுக்கு மசியவில்லை. ஓரம் வரைக்கும் வந்த பிறகு இது மட்டும் எதற்கு மிச்சம் என்று, சோப்புத் தண்ணீரைத் தொட்டுக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். மாவு கொஞ்சம் உதிர்ந்து, அதுவும் போய்விட்டது. பஞ்சை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் குப்பை எரிகிற தொட்டியில் போட்டாள். அழுக்குப் பஞ்சை அவள் என்றைக்கும் அறையில் வைத்ததில்லை.

திரும்பி வந்து, கட்டிலின் தலைமாட்டில் வைக்க மேடம் எழுதி வைத்திருந்த விளக்க அட்டையை எடுத்துப் படித்தாள். 'சிறுமி ஒருத்தி தன் மாவுக்கட்டின் மேல் வரைந்த பூனை.' பக்கத்தில் சின்னதாக ஒரு புகைப்படம்.

பூனையா? கட்டைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் பார்த்தாள். இன்னொரு பாதியைப் பார்த்தாள். பூனை எங்கேயும் இல்லை. புகைப்படத்தில் நீலக் கோடுகளில் ஒரு பூனை, அவள் துடைத்த அதே இடத்தில், காதைத் தூக்கிக்கொண்டு நின்றுகொண்டிருந்தது.

அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள், தான் போட்ட மடிப்பு கசங்குவதைக்கூடக் கவனிக்கவில்லை.

உடனே போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். நமக்கென்ன, கரையில் நிற்கிறவர்கள். அவளும் சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் மேடமே உள்ளே வந்தாள், களைத்துப்போய், ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக. "சிஸ்டர், அந்த தையல்கார ஐயா நாளைக்கு வர்றாராம். ரெண்டு பஸ் மாறி வரணும். பரவால்ல, பூனையைப் பாக்கணும்ங்கறார். நாப்பது வருஷமா பத்திரமா வெச்சிருந்தாராம், பாவம்."

பெரிய சிஸ்டர் வாயைத் திறந்தாள். "விரிப்பு கசங்கிடுச்சு மேடம், மாத்தணும்" என்ற சொல்தான் வந்தது.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது அவள் கட்டு போடும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டிக்கெட் கொடுக்கிற இடத்திலிருந்து ஒரு நீலப் பேனா எடுத்து வந்திருந்தாள். புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலில் காகிதத்தில் வரைந்து பார்த்தாள். பூனைக்கு ஐந்து கால் இருந்தது. ஐந்தாவது வாலாக இருக்குமோ என்று பார்த்தால், வால் தனியாக இருந்தது. குழந்தைக்கு எண்ணத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஐந்தையும் வரைந்தாள். பிறகு மாவுக்கட்டில் வரைந்தாள். புதுசாகத் தெரியாமலிருக்கப் பால் இல்லாத டீயைத் தொட்டு மேலே ஒற்றினாள். காய்ச்சல் அட்டையில் காலமெல்லாம் கோடு இழுத்த கை. பூனை அச்சில் வார்த்த மாதிரி வந்தது.

மேடம் வந்து பார்த்துவிட்டு, "அழகா வெச்சிருக்கீங்க சிஸ்டர்" என்றாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பெரிய சிஸ்டர் மடிப்பை இன்னொரு முறை நீவிவிட்டாள்.

அன்று வீட்டில் அவள் எதையும் துடைக்கவில்லை. சாப்பிட்ட தட்டுகூட அப்படியே இருந்தது. தங்கை பயந்துபோய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. நீ ஏதாவது பொய் சொல்லி, அது யாருக்கும் தெரியாமலே போயிருக்கா?"

"உன்கிட்டயா? உன் ஸ்பிரிட் புட்டியில ஒருநாள் வெறும் தண்ணி ஊத்தி வெச்சேன். இன்னிக்கு வரைக்கும் உனக்குத் தெரியாது" என்று சிரித்தாள் தங்கை. அக்கா சிரிக்காததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "தெரியாமப் போனா நல்லதுதானே?"

நல்லதுதானா என்று பெரிய சிஸ்டருக்குத் தெரியவில்லை. அவள் வாழ்க்கையில் செத்துப்போன குழந்தையின் பொருளை யாரிடமிருந்தும் பிடுங்கியதில்லை. சட்டை, வளையல், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம் எதுவானாலும் துணியில் முடிந்து அம்மா கையில் கொடுத்துத்தான் அனுப்புவாள். அப்படிப்பட்டவள் இப்போது ஒரு கிழவரிடமிருந்து அவர் மகளைத் திருடிக்கொண்டு, அந்த இடத்தில் தன்னை வைத்துவிட்டாள்.

திறப்பு விழா நன்றாகவே நடந்தது. அதிகாரிகள் பேசினார்கள், கேட்டவர்கள் கைதட்டினார்கள், எல்லாரும் பழைய கருவிகளைப் பார்த்து நல்ல காலம் நாம் இப்போது பிறந்தோம் என்று பேசிக்கொண்டார்கள். கட்டிலுக்கு மேல் வைக்க வேண்டிய கண்ணாடிப் பெட்டி வந்து சேரவில்லை என்பதால் சுற்றிலும் ஒரு கயிறு மட்டும் கட்டியிருந்தது. கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்த பிறகு தையல்காரர் வந்தார். சலவைச் சட்டை, கழுத்தில் பழக்கதோஷத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்ட அளவு நாடா. விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன.

கயிற்றுக்கு வெளியே நின்று ரொம்ப நேரம் பார்த்தார். பெரிய சிஸ்டர் கட்டிலின் மறுபக்கம் நின்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கு நெஞ்சு அடித்த அடியில் காதே அடைத்துவிட்டது.

"பூனை ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

"ஆமாங்கய்யா."

"இது யாரு போட்டது?"

"உங்க... உங்க பொண்ணுதானே ஐயா."

அவர் கோபப்படவில்லை. தைத்த துணியில் பிழை பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இல்ல சிஸ்டர். இது என் கை இல்ல. என் கோடு நடுங்கும்."

என் பொண்ணு கை இல்லை என்று சொல்லாமல் அவர் என் கை இல்லை என்றது அவளுக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்.

"அவ போன கொஞ்ச வருஷத்துல பூனை மங்க ஆரம்பிச்சுது. அவ அம்மா அதை மடியில வெச்சுக்கிட்டு, மறையுதே மறையுதேன்னு அழுவா. ஒருநாள் அவ வெளிய போயிருந்தப்ப, நான் பேனாவ எடுத்துக் கோட்டு மேலயே ஓட்டிட்டேன். பழைய தையல் மேலயே திரும்ப ஒரு ஓட்டு ஓட்டற மாதிரி. வந்து பாத்துட்டு, 'பாத்தீங்களா, எம்பொண்ணு மறைய மாட்டா'ன்னா. அப்புறம் எப்படிச் சொல்றது? மங்க மங்க ஓட்டினேன். அவ சாகற வரைக்கும் சொல்லல. அவ போன பிறகும் கை நிக்கல சிஸ்டர். அதான் இங்க குடுத்தேன். இங்க யாரும் எதையும் தொட மாட்டாங்க, அது பாட்டுக்கு மறையட்டும்னு அந்த மேடம்கிட்டயும் சொன்னேன்."

பெரிய சிஸ்டருக்கு அழுகை வந்தது. முந்தின நாளிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. ஸ்பிரிட்டை, பஞ்சை, நீலப் பேனாவை, டீயைக்கூட விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல மனதின் ஒரு மூலையில் வெட்கங்கெட்ட ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. நான் அழித்தது குழந்தையின் பூனையை இல்லை, இவருடைய மையைத்தானே. இவர் செய்ததைத்தானே நானும் செய்தேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "மை போனாப் போகட்டும் சிஸ்டர். அது என்னோடது. அடியில பென்சில் இருந்திருக்குமே? அவ பென்சில்லதான் போட்டா. அது இருந்துச்சா?"

சாம்பல் நிறம். லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட்டுக்கு மசியாதது. பெரிய சிஸ்டர் தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"இருந்துச்சு ஐயா" என்றாள். "அதையும் தேய்ச்சுட்டேன்."

தையல்காரர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அதுவும் காட்சிப் பொருள்தான். அவள் தடுக்கவில்லை.

"அந்தப் பஞ்சு?"

"எரிச்சாச்சு. நாங்க உடனே எரிச்சிடுவோம்."

பிறகு அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, ஏதோ உதவி கேட்கிற குரலில் கேட்டார். "சரி, எப்படி இருந்துச்சுன்னாவது சொல்லுங்க. நானே அதைப் பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. என் மை மறைச்சிடுச்சு. கடைசியாப் பாத்தது நீங்கதான். கோடு அழுத்தமா இருந்துச்சா? கண்ணு வெச்சிருந்தாளா? அஞ்சு கால் போட்டா, தெரியுமா? ஏண்டி அஞ்சுன்னு கேட்டேன். ஒண்ணு உடைஞ்சா என்ன பண்றது, அதுக்குத்தான்னா."

பெரிய சிஸ்டர் கண்ணை மூடி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். ஒரு காதோ ஒரு மீசையோ நினைவுக்கு வந்தால்கூடப் போதும், இந்த மனிதர் கையில் அதைக் கொடுத்துவிடலாம். பொய்யாகவாவது ஒன்று சொல்லலாமா என்றுகூட நினைத்தாள். நேற்று சொன்ன பொய்யே தலைக்கு மேல் போயிருந்தது.

"நான் பாக்கல ஐயா. கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. எனக்கு அழுக்காத்தான் தெரிஞ்சது."

அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அவளும் நிமிர்ந்து நின்று வாங்கியிருப்பாள். அவர் எழுந்து கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, அவள் வரைந்த பூனையைக் காட்டினார். "அப்ப இதையும் அழிச்சிடுங்க. ரொம்ப நேரா நிக்குது. பாக்க முடியல."

"மேடம்கிட்ட..."

"நேத்து கேட்டீங்களா?"

ஸ்பிரிட் புட்டி கைப்பையில்தான் இருந்தது. பஞ்சை நனைத்துவிட்டாள். ஆனால் கை எழும்பவில்லை. தானாக ஓடுகிற கைக்கு இன்று ஒவ்வொரு கோடாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. முதலில் வால், பிறகு காது. நான்கு கால் வரைக்கும் துடைத்தாள். ஐந்தாவதைத் தொடும்போது வாசலில் குரல் கேட்டது.

"சிஸ்டர்! என்ன பண்றீங்க?"

மேடம். பின்னால் அதிகாரிகள், அவர்களுக்குப் பின்னால் பாதிக் கூட்டம். எல்லாருக்கும் முன்னால், திறப்பு விழா நாளில், அருங்காட்சியகத்தின் பெரிய சிஸ்டர் காட்சிப் பொருளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து பண்ணினதைத்தான் மேடம்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் முழுவதையும் இன்னொரு முறை சொன்னாள்.

மேடத்தின் முகம் வெளிறிப்போனது. அவள் கேட்ட கேள்விகளை இங்கே எழுத வேண்டாம். எல்லாம் நியாயமான கேள்விகள். மாவுக்கட்டை உள்ளே எடுத்து வைத்துவிடலாம், அட்டையையும் எடுத்துவிடலாம் என்று ஓர் அதிகாரி யோசனை சொன்னார். தையல்காரர்தான் வேண்டாம் என்றார். "கட்டு இருக்கட்டும். அட்டையும் இருக்கட்டும். பூனை இருந்துச்சுன்னு அதுவாவது சொல்லட்டும்." போகும்போது பெரிய சிஸ்டரைப் பார்த்து, "பஸ் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவள் போய் நின்றபோது மேடம் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க போயிட்டா அந்தக் கட்டிலுக்கு யார் விளக்கம் சொல்றது?" என்றாள். அது மன்னிப்பா தண்டனையா என்று பெரிய சிஸ்டர் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஸ்பிரிட் புட்டியை மேடத்தின் மேஜை மேல் வைத்துவிட்டு வந்தாள்.

இப்போது கண்ணாடிப் பெட்டி வந்துவிட்டது. உள்ளே வெள்ளை விரிப்பின் மேல் வெறும் மாவுக்கட்டு, தலைமாட்டில் பூனை வரைந்திருப்பதாகச் சொல்கிற அட்டை. வருகிறவர்கள் அட்டையைப் படித்துவிட்டுக் குனிந்து தேடுவார்கள். இந்தப் பக்கம் போய்ப் பார்ப்பார்கள், அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பார்கள். பிறகு அவளிடம் வருவார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் சொல்வாள். சிலர் உச்சுக்கொட்டுவார்கள், சிலர் அவளை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

ஒருநாள் அம்மாவோடு வந்த ஒரு சிறுமி, கண்ணாடியில் மூக்கை அழுத்தி ரொம்ப நேரம் தேடினாள்.

"பூனை எங்க ஆன்ட்டி?"

"நான் தொடச்சிட்டேன் பாப்பா."

"ஏன்?"

"அழுக்குன்னு நினைச்சுட்டேன்."

சிறுமி அட்டையைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"வரைஞ்ச அக்கா உங்களைத் திட்டலையா?"

பெரிய சிஸ்டர் கண்ணாடியில் பதிந்திருந்த குழந்தையின் மூக்குத் தடத்தைப் பார்த்தாள். துடைக்கவில்லை.

"இன்னும் இல்ல பாப்பா" என்றாள்.